அம்மாவுக்காக ஒரு லீவு லெட்டர்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் நம்மோடு படித்த ஒருத்தி சொன்னாள். பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்தில் மனநலம் என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்களாம். வாரத்துக்கு ஒரு பீரியடு. "நம்ம காலத்துல இதெல்லாம் ஏது?" என்றாள். இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். பந்தியில் எனக்குப் பேச வராது.

இருந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நம் ஊர்க் கொம்யூன் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில், ஓட்டுக் கட்டடத்தில், மேற்குப் பார்த்த அறையில், நாலாம் வகுப்பில் இருந்தது. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். மறந்துவிட்டீர்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். படித்தது கொஞ்சம். அதனால் படித்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். அந்த வருஷம் நமக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து வில்லியனூர் ரோட்டில் இறங்கி, கரும்பு வண்டிப் பாதையில் நடந்து வருவார். மழை நாளில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். வாசலில் இருந்த தொட்டியில் கால் கழுவிவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைவார். ஈரக் கால் தடம் மேசைவரை போகும். அது காய்வதற்குள் வாய்ப்பாடு சொல்லி முடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை நகம் பார்ப்பது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. நாம் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். டீச்சர் நகம் பார்ப்பார், பல் பார்ப்பார், தலையில் பேன் பார்ப்பார். கடைசியில் முகத்தைப் பார்த்து, "உள்ள எப்படி இருக்கு?" என்பார். "நல்லாருக்கு டீச்சர்" என்று கத்துவோம். உள்ளே என்றால் வயிறு என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு நாள் விளையாடும்போது ஒருவன் விழுந்து முட்டி உரிந்தது. எல்லாரும் ஓடினோம். ஒருத்தி மண்ணைத் தேய்த்தாள். ஒருத்தி பாவாடை ஓரத்தால் துடைத்தாள். அதே நேரத்தில் சுவர் ஓரமாக ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்து மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டீச்சர் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். "அவனுக்கு ஓடினீங்க. இவளுக்கு ஏன் சிரிச்சீங்க?"

"அவளுக்கு ஒண்ணும் ஆவலியே டீச்சர். சும்மா அழுவுறா."

"ரத்தம் வந்தாத்தான் வலியா?"

டீச்சர் சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் கொசு இருந்தது, ஈ இருந்தது, கொதிக்க வைத்த தண்ணீர் இருந்தது. இது இல்லை. புத்தகத்தை மூடிவிட்டுப் பலகையில் அவரே எழுதினார்.

மனசுக்கும் நோவு வரும். வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. பயப்படவும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை இல்லை என்று மறுக்கக் கூடாது.

சிலேட்டில் எழுதிக்கொண்டோம். அடுத்த பீரியடு கணக்கு. எச்சில் தொட்டு அழித்தோம்.

ஆனால் டீச்சர் விடவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நம்மை நடிக்க வைத்தார். ஒருத்தர் மனசு சரியில்லாதவர். இன்னொருத்தர் கேட்பவர். முதல் நாள் நடந்தது உங்களுக்கு ஞாபகம் வரலாம். கடைக்காரர் மகன் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தான். அவன் கூட்டாளி போய்க் கேட்டான்.

"இன்னாடா, மூஞ்சி நமுத்த அப்பளம் மாதிரி கீது?"

சோகமாக இருந்தவன் சிரித்துவிட்டான். டீச்சரும் சிரித்தார். "இப்படிக் கேட்டா எவன்டா சொல்லுவான்? மறுபடியும் கேளு." ஆறு தடவை கேட்டான். ஆறாவது தடவைதான், "எப்பலேர்ந்து இப்டி இருக்குது?" என்று ஒழுங்காகக் கேட்டான். டீச்சர் அவனுக்கு ஒரு கலர் பலப்பம் கொடுத்தார்.

நம்மில் ஒருத்தி கேட்டாள், "இதெல்லாம் உங்களுக்கு யாரு டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல. எங்க அண்ணனுக்கு வந்துச்சு. வீட்ல யாரும் கேக்கல." நாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். உடனே வாய்ப்பாடு சொல்லச் சொன்னார்.

பிறகு லீவு லெட்டர். சாராயக்கடைத் தெருப் பையன் ஒருவன் வாரத்துக்கு ஒரு நாள் வயிற்று வலி என்று எழுதிக் கொண்டுவருவான். டீச்சர் சொன்னார், "வயிறு வலிச்சா வயிறுன்னு எழுது. வேற எங்கனா வலிச்சா அதை எழுது." அடுத்த வாரம் அவன் எழுதினான்: "நேற்று அப்பா அம்மாவை அடித்ததால் மனசு சரியில்லாத காரணத்தால் வர இயலவில்லை." டீச்சர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டு பிஸ்கட் டப்பாவில் வைத்தார். அதற்குப் பிறகு பலர் உண்மையை எழுதினார்கள். ஆடு செத்ததற்கு ஒருத்தி எழுதினாள். அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று ஒருவன் எழுதினான்.

பெரிய வாத்தியார் டப்பாவைப் பார்த்துவிட்டார். வகுப்பு வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"இன்னாம்மா இது? மனசு சரியில்லன்னு லீவா? அப்பறம் எனக்கும்தான் வேணும். எனக்கு இருபது வருஷமா சரியில்ல."

"எழுதிக் குடுங்க சார். பார்க்கறேன்" என்றார் டீச்சர்.

நாம் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு இருக்கிறதே. அவர் போன பிறகு வகுப்பே உருண்டு சிரித்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் எங்கள் வீட்டில் அது நடந்தது.

வீட்டில் அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை அப்பாவின் அக்காள். புருஷன் இல்லாதவள். அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். அவள் சொன்னால் அப்பா மறுத்துப் பேச மாட்டார். அப்பா கரும்பு ஆலையில் வேலை. சட்டையில் எப்போதும் பாகு வாசனை இருக்கும். அம்மா நிறைமாதம்.

அன்று காலையில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நல்ல மழை. மருத்துவச்சி வருவதற்குள் பிரசவமாகிவிட்டது. அம்மாவோடு இருந்தது அத்தை ஒருத்திதான். மத்தியானம் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்குப் போனபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். தம்பி செத்துப் பிறந்தான் என்று அத்தை சொன்னாள்.

நம் மாதா கோயில் தெருக்காரர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்க மாட்டார்கள். கள்ளிவேலிக்கு வெளியே வைப்பார்கள். அதனால் பிள்ளை தங்காது என்று தெரிந்தால் சாமியாருக்காகக் காத்திருக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி மந்திரம் சொல்லலாம். ஒரு கை தண்ணீர் போதும். உயிர் இருக்கும்போதே ஊற்ற வேண்டும். அவ்வளவுதான்.

தம்பியை வேலிக்கு வெளியே வைத்தார்கள். அப்பாவே குழி வெட்டினார். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. சாமியாருக்கு உதவியாக இருக்கிற கோயில் உபதேசியார் குடை பிடித்துக்கொண்டு நின்றார். செபம் சொல்லவில்லை.

அம்மா பேசுவதை நிறுத்தினாள். சாப்பிடச் சொன்னால் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தலை வாரவில்லை. பால் கட்டிக்கொண்டு ஜன்னி மாதிரி வந்தது. பால் வற்ற அத்தை மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினாள். அது வடிந்தது. பேச்சு வரவில்லை.

பிறகு கல்லறைத் திருநாள். ஊரே கல்லறையில் நின்றது. சாமந்திப்பூ, மெழுகுவத்தி, புகை. அம்மா ஒரு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே போய் ஏற்றினாள். எல்லார் வெளிச்சமும் உள்ளே. அவளுடையது மட்டும் வெளியே. அத்தை ஓடிப்போய் அதைப் பிடுங்கினாள்.

"மந்திரிக்காத எடத்துல இன்னாத்துக்குடி மெழுகுவத்தி?"

அம்மா அன்றுதான் வாயைத் திறந்தாள். "எம் புள்ள அழுதான்."

"அழல. செத்துதான் பொறந்துச்சு."

"அழுதான் அண்ணி."

"ஐயோ மாதாவே, இவ காதுல இன்னாமோ கேக்குது!" என்று அத்தை கத்தினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து ஊருக்குள் பேச்சு. கல்லறை ஓரத்தில் அவளுக்குப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறதாம். பேய்க்காற்று சேர்ந்துவிட்டதாம். அம்மாவும் அதற்கு ஏற்றாற்போல்தான் செய்தாள். மத்தியானம் ஆலைச் சங்கு ஊதினதும் போய் அந்த இடத்தில் குந்திக்கொள்வாள். மழை பெய்தாலும் குந்தியிருப்பாள். அவள் தெருவில் வந்தால் பொம்பளைகள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பிள்ளை மாதிரி அழுது காட்டினார்கள். நாலாம் வகுப்பில் ஒருத்தர்கூடச் செய்யவில்லை. ஒருத்தர்கூட. அப்போது நான் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அது எனக்குத் தெரிந்தது.

ஒரு திங்கட்கிழமை டீச்சர் என் கையைப் பார்த்துவிட்டு, "உள்ள எப்படி இருக்கு?" என்றார். எனக்குக் கத்த வரவில்லை.

"எனக்கில்ல டீச்சர். எங்கம்மாவுக்கு" என்றேன்.

அன்று சாயங்காலமே டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தை வாசலிலேயே நிறுத்தினாள்.

"உங்க பாடத்த இஸ்கூலோட வெச்சிக்கங்கம்மா. இது எங்க வூட்டு விஷயம். நாங்க கோயில்காரங்க. உங்களுக்கு ஒண்ணியும் புரியாது."

"டவுன் பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னு ஒரு டாக்டர் இருக்காரு. நானே கூட்டிட்டுப் போறேன்."

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? நல்லா இருக்குதே!"

டீச்சர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குக் கடைசி பஸ்.

அத்தை வேறு இடம் விசாரித்து வைத்திருந்தாள். திருக்கனூர் தாண்டி ஒரு வைத்தியக்காரன் கொட்டகை. அங்கே தூணில் சங்கிலி போட்டுக் கட்டி வைப்பார்கள். வேப்பங்கொத்தால் அடிப்பார்கள். பேய் எப்போது போகிறதோ அப்போதுதான் விடுவார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒரு பொம்பளையைக் கொண்டுபோய் விட்டு இரண்டு வருஷம். அவள் இன்னும் வரவில்லை. புதன்கிழமை போவதாக முடிவாயிற்று.

அப்பா ஒரு கயிறு வாங்கி வந்தார். பஸ்ஸில் அம்மா இறங்கி ஓடாமல் இருக்கக் கையைக் கட்ட வேண்டும் என்று அத்தை சொல்லியிருந்தாள். புதுக் கயிறு, முரடாக இருந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்து அதன்மேல் தன் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினார். கை உறுத்தக் கூடாது அல்லவா. ஒவ்வொரு சுற்றுக்கும் தன் மணிக்கட்டில் வைத்து அழுத்திப் பார்த்தார். அவரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு தெரியாது.

எனக்குத் தெரிந்திருந்தது. பலகையில் இருந்தது.

அடுத்த நாள் சங்கு ஊதினதும் அம்மா பின்னாலேயே போனேன். கள்ளி ஓரத்தில் அவள் குந்தினாள். நானும் குந்தினேன். தூறல். எனக்குப் பயம்தான். கையைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டேன். இத்தனை நாளில் எல்லாரும் அவளிடம் அழவில்லை, அழவில்லை என்றே சொன்னார்கள். ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"தம்பி எப்டிம்மா அழுதான்?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பூனக்குட்டி மாதிரி" என்றாள். "ஒரே ஒரு தடவ."

"எப்ப?"

"பொறந்த ஒடனே. உங்கத்த கையிலதான் இருந்தான். அவ என் பக்கத்துல போட்டுட்டு வெளிய ஓடினா. நான் தண்ணி தண்ணின்னு கத்தினன். சொம்பு எட்டல. எனக்கு எழுந்துக்க முடியல."

"அத்த எங்கம்மா ஓடினாங்க?"

"உபதேசியாரக் கூப்ட." பிறகு சொன்னாள், "அவங்க வரத்துக்குள்ள அடங்கிட்டான். நான் பாத்துக்கினே இருந்தன்."

அவ்வளவுதான் பேசினோம். வரும்போது என் தலையில் விழுந்த தூறலை முந்தானையால் துடைத்தாள். தம்பி போனதற்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

நான் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். "டீச்சர், பெரியவங்களுக்கு லீவு லெட்டர் யாருக்கு எழுதணும்?" என்று கேட்டேன்.

டீச்சர் யோசித்தார். "உங்க வீட்ல யார் சொன்னா கேப்பாங்களோ அவங்களுக்கு எழுது."

அப்பா அத்தை சொன்னால் கேட்பார். அத்தை யார் சொன்னாலும் கேட்க மாட்டாள், சாமியாரைத் தவிர. ஆகவே சாமியாருக்கு. டீச்சர் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார். என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கவில்லை. பென்சிலால் எழுதினேன். அந்தத் தாள் இப்போது இல்லை. ஆனால் ஒரு எழுத்தும் மறக்கவில்லை.

"மதிப்பிற்குரிய சாமிக்கு, என் அம்மாவுக்கு மனசு சரியில்லாத காரணத்தால் புதன்கிழமை கொட்டகைக்கு வர இயலாது. தம்பி ஒரு தடவை அழுதான் என்று அம்மா சொல்கிறார்கள். அத்தை தண்ணி ஊற்றாமல் உபதேசியாரைக் கூப்பிட ஓடினார்கள். நான் அப்போது வீட்டில் இல்லை. அம்மா பொய் சொல்ல மாட்டார்கள். ஆகையால் குணமாகும்வரை என் அம்மாவுக்கு லீவு கொடுத்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி, நாலாம் வகுப்பு."

அன்று சாயங்காலம், கொட்டகைக்குப் போவதற்கு முந்தின நாள், ஆசீர்வாதம் வாங்க எல்லாரும் சாமியார் வீட்டுக்குப் போனோம். சாமியார் சாய்வு நாற்காலியில் இருந்தார். வயசானவர். உபதேசியார் ஞானஸ்நானப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோந்து வாசனை அடித்தது.

"தோத்திரம் சாமி" என்று அத்தை முழங்காலிட்டாள். "இவள நாளைக்கு இட்டுக்கினு போறோம். நீங்க மந்திரிச்சுக் குடுக்கணும்."

நான் முன்னால் போய்த் தாளை நீட்டினேன். "சாமி, லீவு லெட்டர்."

"இன்னாடி அது?" என்றாள் அத்தை. அப்பா என் கையைப் பிடிக்க வந்தார். சாமியார் அதற்குள் வாங்கிவிட்டார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "புதன்கிழமை கொட்டகைக்கு வர இயலாது" என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வரியில் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு மிச்சத்தையும் படித்தார். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து மனதுக்குள் படித்தார்.

அத்தை எழுந்து நின்றாள். "பைத்தியம் பேசறத புள்ள எழுதிக்கினு வந்திருக்குது சாமி. செத்துப் பொறந்த புள்ள எங்கியாச்சும் அழுமா?"

உபதேசியார் கோந்துக் கையோடு நிமிர்ந்தார். மெதுவாகப் பேசுகிற மனுஷன்.

"அன்னிக்கு என் வூட்டாண்ட வந்து இன்னா சொன்ன நீ?"

அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"'ஓடியாங்க, தண்ணி ஊத்தணும்'னுதான சொன்ன? செத்துப் பொறந்த புள்ளைக்குத் தண்ணி எதுக்கும்மா?"

வெளியே மணி அடிக்கிறவன் சாயங்காலச் செபத்துக்குக் கயிற்றை இழுத்தான். மூன்று அடி அடித்து நிறுத்தினான். யாரும் சிலுவை போடவில்லை.

"அன்னிக்கு எனக்கும் இது தோணல" என்றார் உபதேசியார். "வேட்டி அழுக்கா இருக்குதுன்னு மாத்திக்கினு வந்தன். நானும்தான் லேட்டு."

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அழுதுச்சு சாமி" என்றாள். "ஒரு தடவ அழுதுச்சு. சொம்பு கையிலதான் இருந்துச்சு. எனக்கு மந்திரம் மறந்துபோச்சு. பிதா சுதன்னு ஆரமிச்சன், அப்பறம் வரல. தப்பா சொன்னா புள்ளைக்குப் பாவம்னு ஓடினன். திரும்பி வந்தா இல்ல. எந்த வாயால சொல்லுவன்?"

இப்போது யோசித்தால் எனக்கு அத்தைமேல் கோபம் வரவில்லை. அவளுக்கும் மனசில் நோவுதான். அவளை யாரும் கேட்கவில்லை. அவள் அதை அம்மா தலையில் ஏற்றிவிட்டு வாழப் பார்த்தாள்.

அம்மா அத்தையைப் பார்த்து, "அழுதான் இல்ல?" என்றாள்.

"அழுதான்" என்றாள் அத்தை.

அம்மா அப்போதுதான் அழுதாள். தம்பி போன நாளிலிருந்து அவள் அழவே இல்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவர் முதுகு ஆடியது.

சாமியார் என்னைக் கூப்பிட்டார். தாளை நாலாக மடித்துத் தன் செபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்.

"லீவு குடுத்தாச்சு, போ" என்றார்.

மறுநாள் சங்கு ஊதின நேரத்துக்கு அவரே கள்ளி ஓரத்துக்கு வந்தார். சேற்றில் அங்கியைத் தூக்கிக்கொண்டு நின்றார். திருச்சபைச் சட்டப்படி பிள்ளையை வேலிக்குள் வைக்கத் தன்னால் முடியாது என்று அம்மாவிடம் சொன்னார். முடிந்த செபத்தைச் சொன்னார். பிள்ளைக்குப் பேர் என்ன என்று கேட்டார். அம்மா ஒரு பேர் சொன்னாள். அவள் அதை முன்னாலேயே வைத்திருந்தாள். அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. அது அவளுடையது.

உண்மை வெளியே வந்ததும் அம்மா எழுந்து அடுப்பு மூட்டப் போய்விட்டாள் என்று நினைக்காதீர்கள். அப்படி நடக்காது. நோவு நோவுதான். பிறகும் தூங்காமல் கிடந்தாள். பிறகும் சோறு இறங்கவில்லை. ஆனால் இப்போது அப்பா டீச்சரைத் தேடிப் போனார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றார். "அந்த டாக்டரு எந்தக் கெழம இருப்பாரும்மா?" என்று கேட்டார். அதைக் கேட்க அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. நம் வகுப்பு ஜன்னலில் எல்லாரும் தலையை நீட்டிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் பெரியாஸ்பத்திரி. கூடப் போனது அத்தை. மாதாவுக்கு நேர்ந்துகொண்ட மாதிரி போனாள். மாத்திரை மஞ்சளாக, பாசிப்பயறு அளவில் இருக்கும். அதைச் சாப்பிட்டால் அம்மாவுக்கு நாக்கு வறண்டுபோகும். அத்தை உப்பு நார்த்தங்காயை முந்தானையில் முடிந்துகொண்டு போய், பஸ்ஸில் ஒரு துண்டு ஒரு துண்டாகக் கிள்ளிக் கொடுப்பாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். நார்த்தங்காய் மட்டும் கை மாறும்.

தைப்பொங்கலுக்கு அம்மா வாசலில் கோலம் போட்டாள். மாசியில் ஒரு நாள் என்னை வைது அடித்தாள். அடி வாங்கிக்கொண்டு நான் சந்தோஷமாகப் பள்ளிக்கூடம் போனேன்.

பங்குனியில் டீச்சர் அம்மாவிடம் கேட்டார். "வகுப்புக்கு வந்து பிள்ளைங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசறீங்களா? நான் சொன்னா பாடம். நீங்க சொன்னா நிஜம்."

அத்தை வேண்டாம் என்றாள். ஊர் சிரிக்கும் என்றாள். அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு பெட்டியிலிருந்து கல்யாணச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

அன்று நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு. அம்மா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே அன்றுதான். கையெழுத்துப் போடத் தெரியாதவள். பலகைக்குப் பக்கத்தில், டீச்சர் நிற்கிற இடத்தில் நின்றாள். சேலையில் பாச்சை உருண்டை வாசனை. வாசலில் பெரிய வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு மனசுல நோவு வந்துச்சு" என்றாள் அம்மா. "இப்ப பரவால்ல. மாத்தர சாப்புடறன். டாக்டரு இன்னும் கொஞ்ச நாள் சாப்புடச் சொல்லிக்கிறாரு."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் நம்மைக் கேள்வி கேட்கச் சொன்னார்.

"மாத்தர கசக்குமா?"

"முழுங்கிட்டா கசக்காது. வாயில வெச்சிக்கினு கத பேசினா கசக்கும்."

"நீங்க செவுத்து மேல ஏறினீங்கன்னு சொன்னாங்களே?"

"யாருப்பா சொன்னது? எனக்கு ஏணியே ஏற வராது."

வகுப்பு சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். வாசலில் பெரிய வாத்தியார் கட்டின கையை அவிழ்த்தார்.

"உங்களுக்குச் சங்கிலி போட்டாங்களா?"

இதற்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா சொன்னாள். "போட இருந்தாங்க. எம் பொண்ணு லெட்டரு எழுதிட்டா."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன். காது இரண்டும் சுட்டது. அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பற்றி நாலு பேர் நடுவில் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அது போதும்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஏரிக்கரைத் தெருப் பெண். வகுப்பில் வாயே திறக்காதவள்.

"எங்க அக்கா பேசவே மாட்டேங்குது. எங்கப்பா உள்ள வெச்சிப் பூட்டிட்டாரு" என்றாள்.

டீச்சர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பெல் அடித்துவிட்டது. எல்லாரும் ஓடினார்கள். அம்மா ஓடுகிற பிள்ளைகளை விலக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள்.

"வா, உங்க வூட்டக் காட்டு" என்றாள்.

ஏரிக்கரைத் தெருவில் அம்மா நடந்து போனதைப் பார்த்தவர்கள் எழுந்து நின்றார்கள். மரியாதைக்கு இல்லை. பார்க்கத்தான். டீக்கடையில் ஒருவர் கேட்டார், "இன்னாம்மா, உனக்கே இப்பதான் தெளிஞ்சுது. நீ எங்க வைத்தியம் பாக்கக் கெளம்பிட்ட?"

"வைத்தியம் இல்லண்ணே. சும்மா பேசிட்டு வரன்" என்று அம்மா நடந்துகொண்டே சொன்னாள். நான் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். தலையை நிமிர்த்தித்தான் போனேன்.

அந்த வீட்டு அப்பா கதவை மறைத்துக்கொண்டு நின்றார். பெரிய ஆள். இடுப்புக் கயிற்றில் சாவி தொங்கியது.

"உள்ள யாரும் வர வேணாம். போங்க."

"உள்ள வரல அண்ணே" என்றாள் அம்மா. கல்யாணச் சேலையை ஒதுக்கிக்கொண்டு வாசல் மண்ணில் உட்கார்ந்தாள். "இங்கியே குந்தறன். எனக்குக் குந்திப் பழக்கம்தான்."

நான் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூடின கதவுக்கு இந்தப் பக்கமிருந்து அம்மா மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். தம்பியைப் பற்றித்தான். எப்படி அழுதான் என்பதைச் சொன்னாள். அந்த மனுஷன் போங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. மாடுகள் திரும்பி வந்தன. தெருவில் அடுப்புப் புகை எழுந்தது. உள்ளே, கதவுக்குப் பின்னால், யாரோ நகர்ந்து வந்து உட்கார்கிற சத்தம் கேட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.